போசன ஒழுக்கம்
சைவாசிரியர்களுக்குச் செய்த பிரசங்கம்

சைவசமய மெய்யன்பர்காள்! சிறுவர்க்கு அறிவு கொளுத்தும் ஆசிரியர்காள்!

பெறுதற்கரிய இம்மானுட சரீரத்தை நாம் பெற்றது சிவபெருமானை வழிபட்டு உய்தற்பொருட்டேயாம். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் அவ்வழிபாட்டிற்குக் கருவிகள். இவற்றுட் காயம் தளருமாயின் மற்றை இரண்டும் உடன் தளரும். நோயினால் வருந்துவோன் கோயிலை வலம்வர மாட்டான். திருமுறையைப் பண்ணோடு ஓத மாட்டான். அடியார்க்குத் தொண்டு செய்ய மாட்டான். இதுபற்றியன்றோ திருமூலநாயனார், இறைவன் உள்ளே எழுந்தருளியிருத்தலால் இவ்வுடம்பை இகழாது ஓம்புக என்று போதித்தருளினார். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே மருந்தின் பெயர் ஒன்றேனும் கூறாது, முன்னுண்ட உணவு செரித்தபின் அளவாக உண்ணும் முறைமையையே பெரிதும் வற்புறுத்தினர். நாவலர் பெருமான் சைவவினாவிடை இரண்டாம் புத்தகத்திலே நித்தியகருமங்களோடு போசன விதியையும் சேர்த்து வகுத்தனர். ஆகவே உண்ணுதலும் சைவவொழுக்கத்துள் ஒன்றேயாம் என்பது தெளிவு.

இங்கே சிலர், “யாம் புலால் உண்பதில்லை, ஆதலால் எம்முணவு தூயது, அதனிடத்துத் திருத்தவேண்டுவது யாதுளது?” என்பர். புலாலுண்ணாமை பெரிய அறம், அதில் ஐயமில்லை. ஆயினும் கொல்லாமையினாலே உணவு அறமுடைத்தாகுமேயன்றி, அதுமாத்திரத்தால் நோயற்றதாகிவிடாது. வெள்ளைப் பாணும், சீனியும், பொரித்த வடையும், உப்பு மலிந்த ஊறுகாயும் புலாலல்ல. அவற்றையே நாடோறும் வயிறார உண்பவனுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் வாராதொழியுமோ? 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளிலே இலங்கையிலே வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக நடந்த ஆராய்ச்சியொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு நீரிழிவு உண்டென்று கண்டது. அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளும் அத்தொகை ஏறியதையே காட்டின. அந்நோயாளருள் சைவ உணவினரும் பலர் உளர். அவர்களை நாம் நம்முடைய ஆசிரியர் அறைகளிலேயே காண்கின்றோம்.

அன்பர்காள்! எமது குற்றத்தையே முதலிற் சொல்லுகின்றேம்.

சில ஆண்டுகளுக்கு முன்னே, இத்திருக்கோணமலை மாவட்டத்துப் பாடசாலையொன்றிலே, ஒரு திங்கட்கிழமைக் காலை, பிள்ளைகள் நிரையாக நின்று தேவாரம் ஓதும்போது, ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளையொருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து நிழலில் இருத்தி, “பிள்ளாய், காலையில் என்ன உண்டாய்?” என்று வினாவினேம். “சீனி போட்ட தேத்தண்ணீரும் அரைப் பணிசும்” என்றாள். முந்திய இரவு உண்டது யாதென, “பாணும் சம்பலும்” என்றாள். “உங்கள் வீட்டுக் கோடியிலே முருங்கை உண்டோ?” என்றேம். “இரண்டு மரம் நிற்கின்றன, ஐயா” என்றாள். பின்னர் வைத்தியசாலையிலே சோதித்தபோது இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருந்தமை தெரியவந்தது.

அன்று எமக்கு நாணம் மேலிட்டது. ஏனெனில், அதற்கு முந்திய வாரத்திலேதான் அவ்வகுப்பிற்குக் கீரையின் பயனை யாம் கற்பித்தேம். முருங்கையிலையில் இரும்புச்சத்து உண்டென்று அப்பிள்ளை தன் விடைத்தாளிலே பிழையின்றி எழுதி முழுப்புள்ளியும் பெற்றிருந்தாள். அவள் கற்றது கொப்பியில் நின்றது, கலத்திற்கு வரவில்லை. யாம் கற்பித்ததோ அதனினும் கீழ். அன்று காலை எம்முடைய உணவும் சிற்றுண்டிச்சாலைப் பணிசும் தேநீருமேயாம். அவளுடைய தாய் விடியுமுன்னே கூலிவேலைக்குச் செல்பவள். அடுப்பு மூட்ட நேரமில்லாதவளைக் குறைகூறுவது எளிது. அவளுக்கு ஏற்ற வழியொன்றைக் காட்டுவதன்றோ ஆசிரியன் கடமை?

இனி, நெல் விளையும் நாட்டிலே பாண் எவ்வாறு முதலுணவாயிற்று என்பதை ஆராய்வாம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்கள் நம்முடைய மாவட்டத்திலேயே உள்ளன. ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் அவ்வூர் நெல்லுக்குப் பெயர்பெற்றது. கோதுமையோ இந்நாட்டு வயல்களில் விளைவதன்று, கப்பலேறி வருவது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் நம்முடைய துறைமுகத்தைக் குண்டெறிந்து தாக்கியதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவ்வாண்டிலே பர்மா தேசமும் யப்பானியர் வசமாயிற்று. இத்தீவினர் உண்ட அரிசியிற் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததாதலால், அவ்வரவு நின்றவுடன் அரிசி பங்கீட்டிற்கு உட்பட்டது; குறையை நிரப்பக் கோதுமைமா வழங்கப்பட்டது. பஞ்சகாலத்துக்கு வந்த விருந்தாளி பஞ்சம் தீர்ந்த பின்னும் போகவில்லை. பாணும் ரொட்டியும் பழகிய நாவுக்கு இனித்தன. 1980ஆம் ஆண்டிலே சீனன்குடாவிற் பிறீமா மாவாலை மா அரைக்கத் தொடங்கியபின், நாடு முழுவதற்கும் வேண்டும் மாவிற் பெரும்பகுதி நம்முடைய துறைமுகத்து வழியே செல்வதாயிற்று.

மாவாலையைத் தீயதென்று யாம் கூறுகின்றேமல்லேம். அது பலருக்குப் பிழைப்பளித்தது. இடர்க்காலத்திலே பசிதீர்த்ததும் மாவேயாம். குற்றம் நம்முடைய அளவின்மையிலுள்ளது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி வெண்மையாக்கிய மாவிலே நார்ச்சத்தும் உயிர்ச்சத்துக்களும் பெரிதும் குறைகின்றன. எஞ்சிய மாப்பொருள் விரைவிற் செரித்து இரத்தத்திலே சர்க்கரையாக ஏறுகின்றது. ஏறியது விரைவில் இறங்க, மீண்டும் பசிக்கின்றது. இதனைக் காலையிலே பாணாகவும், பத்துமணிக்குப் பணிசாகவும், மாலையிலே ரோல்சாகவும், இரவிலே பராட்டாவாகவும் உண்போமாயின், பெயர் நான்காயினும் உணவு ஒன்றேயன்றோ?

அரிசிக்கும் இவ்விதியே பொருந்தும். 1890களிலே பத்தாவியா நகரில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகள் கால் சோர்ந்து விழுந்ததையும், தீட்டாத அரிசி பெற்றபின் தேறியதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மூலம் தவிட்டில் உள்ள சத்தின் குறைவே என்று உலகம் அறிதற்கு அதுவே வாயிலாயிற்று. 1929ஆம் ஆண்டிலே அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவில் இருந்த பிறடன் என்னும் வைத்தியர் கண்டது நமக்கு இன்னும் அணுக்கமானது. அங்கே தீட்டிய பச்சையரிசி உண்ட தொழிலாளரிடையே பெரிபெரி மலிந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழரிடத்து அது அரிதாயிருந்தது. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்திலொரு பங்கு அரிசியினுள்ளே ஊறிவிடுகின்றது. பின்பு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம்முடைய பாட்டிமார் உயிர்ச்சத்து என்னும் சொல்லை அறியார். ஆயினும் நெல்லவித்து, உலர்த்தி, குற்றி, அதனைக் காத்தனர். நாமோ சொல்லை அறிந்து பொருளை இழந்தோம்.

பெரியபுராணத்திலே உணவு பற்றி வரும் சரிதங்களுள் இரண்டினை ஆசிரியர்கள் வகுப்பிலே அடிக்கடி கூறுவர். அரிவாட்டாயநாயனார் சிவபெருமானுக்கு நாடோறும் நிவேதித்தன எவை? செந்நெல்லரிசிச் சோறும், செங்கீரையும், மாவடுவுமாம். வறுமையெய்திக் கூலிக்கு நெல்லரிந்த காலத்தும் அத்தொண்டை அவர் விடவில்லை. தமக்குச் சோறில்லாதபோது கொல்லைக் கீரையை உண்டனர். இளையான்குடிமாறநாயனார் மழை பொழியும் நள்ளிரவிலே வந்த அடியாருக்கு உணவளிக்க, அன்று விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரி வந்தனர். அவர் மனைவியார் அந்நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி உலையிலிட்டனர். கணவர் கொல்லையிற் பறித்துக் கொணர்ந்த இளங்கீரையையே பலவகைக் கறியாகச் சமைத்தனர். இறைவன் விரும்பி எழுந்தருளிய விருந்து அதுவேயாம். இவ்விரு சரிதங்களிலும் சிறப்பது அன்பே என்பது உண்மை. ஆயினும், ஆண்டவனுக்கு ஏற்றதாயிருந்த தவிடு நீங்காத அரிசியும் கொல்லைக் கீரையும் நம்முடைய பிள்ளைகளுக்கு இழிவாகத் தோன்றுவது எதனாலே? கடையில் வாங்கியது மேன்மை, கோடியில் முளைத்தது வறுமை என்று நாமே அவர்களுக்குக் காட்டிவிட்டோம்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்வாம். புதிய பதார்த்தம் ஒன்றும் வேண்டியதில்லை. பழகிய சமையலிற் சிறிது மாற்றமே போதும்.

முதலாவது, புட்டும் இடியப்பமும். ஆவியில் அவித்துண்ணும் வழக்கம் நம்முன்னோர் நமக்கு வைத்த செல்வம். எண்ணெய் வேண்டாத சமையல் அது. அவற்றை வெள்ளைக் கோதுமைமாவிற் செய்யாது, சிவப்பரிசி மாவிற் செய்க. புட்டுக்கு அரைப்பங்கு குரக்கன்மாவும் கலக்கலாம். இடையிடையே இடும் தேங்காய்ப்பூவைக் குறைத்து, முருங்கையிலையைச் சேர்த்து அவித்தால் சுவையும் குன்றாது. அதனோடு பயற்றங்கறியோ கடலைக்கறியோ இருத்தல் வேண்டும். அரிசியிற் குறைந்த புரதக்கூறு பருப்பினத்தில் மிகுதி. பருப்பினத்திற் குறைந்தது அரிசியிலுண்டு. இரண்டும் ஒருங்கே உண்ணப்படும்போது ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். புலாலுண்ணாதார்க்கு இது பெரிதும் வேண்டற்பாலது. மேலும், உயிர்ச்சத்துப் பன்னிரண்டு என்பது தாவர உணவிலே இல்லாமையால், பாலும் தயிரும் மோரும் சைவவுணவினின்று நீங்கலாகாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித்தயிர் இருக்க, நிறமூட்டிய பானத்தை நாடுவது என்னை?

இரண்டாவது, சொதியும் கறியும். தேங்காய் விலக்கத்தக்கதன்று; கீரையிலும் பூசணியிலும் உள்ள சில சத்துக்கள் சிறிது கொழுப்பின்றி உடம்பிற் சேரா. ஆயினும் மூன்று கறிக்கும் சொதிக்கும் சம்பலுக்கும் கெட்டிப்பாலும் பூவும் இடுவோமாயின் அளவு மீறும். சொதியை இரண்டாம் பாலிலே காய்ச்சி, இறக்கும்போது முதற்பால் ஒரு கரண்டி விடுக. ஒருவேளை உணவிலே பாற்கறி ஒன்றே போதும். ஏனையவை வெள்ளைக்கறியாகவோ வறையாகவோ இருக்கட்டும்.

மூன்றாவது, கீரை. அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போகும், கழுவியபின் அரிக. நெடுநேரம் வேகவிடாது, மூடிச் சிறிதுபொழுதில் இறக்குக. தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின்பே விடுக. கொதிக்கும்போது விட்டால் அதன் உயிர்ச்சத்துக் கெடும். அவ்வுயிர்ச்சத்தே கீரையின் இரும்பை உடம்பு ஏற்கத் துணைசெய்வது. இதற்கு மாறாக, உணவோடு குடிக்கும் தேநீர் அவ்விரும்பைச் சேரவொட்டாது தடுக்கும். எனவே தேநீரை உண்டபின் ஒருமணி நேரங் கழித்துக் குடித்தல் நன்று. அந்தப் பெண்பிள்ளையின் காலைத் தேத்தண்ணீரை நினைவுகூர்க; உண்ட சிறிதளவு சத்தையும் அது கவர்ந்தது.

நான்காவது, சீனி. உலக சுகாதார தாபனம் சேர்க்கும் சீனியை ஒருநாளைக்கு ஐம்பது கிராமுக்குள் அடக்குக என்றும், இருபத்தைந்து கிராமுக்குள் அடக்குதல் இன்னும் நன்றென்றும் கூறுகின்றது. தேக்கரண்டியொன்று நான்கு ஐந்து கிராம் கொள்ளும். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டியாக ஐந்து கோப்பை குடிக்கும் ஆசிரியர், வேறொரு இனிப்பும் உண்ணாமலே நாற்பது கிராமைக் கடந்துவிடுகின்றார். வாரந்தோறும் அரைக்கரண்டி குறைப்பாராயின் ஒரு மாதத்தில் நாவே அதனைக் கேளாதொழியும். பனங்கட்டியும் சர்க்கரையும் சீனியின் உறவினரே. அவை நல்லனவென்று அளவின்றி உண்பது தன்னைத்தானே ஏமாற்றுதலாம்.

ஐந்தாவது, உப்பு. நிலாவெளி உப்பளங்களுக்கு அருகில் வாழும் நமக்கு உப்பின் அருமை தெரியும். அதன் அளவும் தெரிதல் வேண்டும். ஒருவருக்கு ஒருநாளைக்கு ஐந்து கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டியளவே தக்கது என்பர். சோறு வடிக்கும் உலையிலும், கறியிலும், சம்பலிலும், ஊறுகாயிலும், அப்பளத்திலும், மோர்மிளகாயிலும் உள்ளதெல்லாம் அவ்வொரு கரண்டியுள் அடங்கவேண்டும். உலையில் உப்பிடுவதை நிறுத்துவது எளிய தொடக்கம்.

ஆறாவது, கலத்தின் பங்கு. இலையிற் பாதி கீரையும் காய்கறியும், காற்பங்கு பருப்பினம், காற்பங்கு சோறு என்னும் வரைவை மனத்துட் கொள்க. சிவப்பரிசியாயினும் மலைபோற் குவித்துண்டால் நீரிழிவு இரங்காது.

விரதமும் விழாவும் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விரதம் என்பது மனம் பொறிவழி போகாது நிற்றற்பொருட்டு உணவை விடுத்தலும் சுருக்குதலுமாம். பகல் முழுதும் ஒன்றும் உண்ணாதிருந்து, பாறணையிலே பொரித்த வடையையும் பாயசத்தையும் இருமடங்கு உண்பது விரதத்தின் கருத்தன்று. மோதகத்தைப் பாருங்கள், உள்ளே பயறும் தேங்காயும் சர்க்கரையும், வெளியே அரிசிமா, சமைப்பது ஆவியிலே. விநாயகப்பெருமானுக்கு உகந்த அது நமக்கும் அளவோடு ஏற்றதே. நீரிழிவுக்கு மருந்துண்பாரும் கருப்பிணிகளும் வைத்தியரை வினாவாது உபவாசமிருத்தலாகாது. அவர் ஒருவேளை எளிய உணவுண்டு மனத்தால் வழிபடுவாராயின் இறைவன் அதனை ஏற்கமாட்டானோ? கோணேசர் திருவிழாவிலும் பத்திரகாளியம்பாள் திருவிழாவிலும் தண்ணீர்ப்பந்தரமைக்கும் அன்பர்கள், சீனிச் சர்பத்தை விடுத்து மோரும் இளநீரும் வழங்குவாராயின் அது இருமடங்கு புண்ணியமாம்.

ஒன்றை மறத்தலாகாது. வறியோருக்கு உணவைப்பற்றி உபதேசிப்பவன் முதலில் அவர்களுடைய நேரத்தையும் பணத்தையும் எண்ணவேண்டும். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே நாவலர் பெருமான் பசித்தோருக்கு உபதேசத்தோடு நிற்கவில்லை, கஞ்சித்தொட்டி வைத்தனர். நம்முடைய காலத்திலே, 2022ஆம் ஆண்டு நாணயநெருக்கடியில், பாணின் விலை ஏறிப் பல வீடுகளில் ஒருவேளை உணவு குறைந்ததை நாம் கண்டோம். அப்பொழுதும் முருங்கை கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. மரவள்ளி டொலர் கேட்கவில்லை.

நேரமில்லாத தாய்க்கு ஏற்ற வழி இதுவே: இரவுச் சோற்றிற் சிறிது நீர்விட்டு மூடிவைத்து, காலையிலே தயிரும் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்தால் பழஞ்சோறு ஆயிற்று, அடுப்பு வேண்டாம். இரவிலே ஊறவைத்த பயற்றை மற்றைக் கறியோடு ஓரடுப்பிலே அவித்து வைத்தால் பிள்ளையின் பத்துமணி உணவும் ஆயிற்று. அந்தப் பெண்பிள்ளையின் தாயிடம் யாம் சென்று இதனைச் சொன்னபோது, அவர் சிரித்து, “ஐயா, நான் சின்னவளாயிருக்கையில் இதைத்தான் தின்றேன், பிள்ளை பள்ளிக்கூடத்திலே வெட்கப்படுவாள் என்றுதான் விட்டேன்” என்றார். அவ்வெட்கத்தை உண்டாக்கியவர் யார்? பழஞ்சோற்றுக் கலத்தைத் திறந்த பிள்ளையைப் பார்த்துச் சகமாணாக்கர் நகைத்தபோது வாளாவிருந்த ஆசிரியரேயாம்.

ஆதலால், ஆசிரியர்காள்! வெட்கத்தை உண்டாக்கிய இடத்திலேயே அதனை நீக்குதல் வேண்டும். அடுத்த வாரம் முதல், நீங்கள் இலைக்கஞ்சியோ பழஞ்சோறோ அவித்த பயறோ கொண்டுசென்று, மாணாக்கர் காண அவர்களோடிருந்து உண்ணுங்கள். சிற்றுண்டிச்சாலை நடத்துவோரோடு அன்பாகப் பேசி, பணிசுக்குப் பக்கத்திலே கடலைச் சுண்டலும் வாழைப்பழமும் வைக்கச் செய்யுங்கள். பாடசாலை வளவிலே முருங்கையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டு, நீர்விடும் முறையை வகுப்புக்கு வகுப்பு பங்கிடுங்கள். அரிவாட்டாயநாயனார் குருபூசையன்று சிவப்பரிசிச் சோறும் கீரையும் மாங்காயும் சமைத்து நிவேதித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தியிற் பரிமாறுங்கள். அந்நாளிலே கீரையுண்ட பிள்ளை அதனை இறைவன் உணவாக நினைக்குமேயன்றி ஏழையுணவாக நினையாது.

யாமும் இதனைச் செய்யத் தொடங்கினேம். முதல்நாட் பழஞ்சோற்றுக் கலத்தைத் திறந்தபோது எமக்கும் சிறிது கூச்சமாகவே இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்பிள்ளை தன் கலத்தை எடுத்துக்கொண்டு வந்து எம்மருகே இருந்தாள். அவ்வாண்டு முடியுமுன்னே அவள் தேவாரம் முழுவதையும் நின்றே ஓதினாள்.

திருஞானசம்பந்தமூர்த்திநாயனார் பதிகம்பெற்ற இத்திருக்கோணமலையிலே, பதிகத்தைப் பாடும் வாய்க்கு நல்லுணவும், பாடி நிற்கும் காலுக்கு வலிமையும் உண்டாக மாதுமையம்பாள் சமேத கோணேசப்பெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.